ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி (நான்கு பக்கக் கடிதத்தின் சுருக்கம்): ஐயா, மலேசியாவில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு உரம் ஏற்றும் குத்தகை வேலை செய்கிறேன். ஜனவரி 11-இல் என் ஹைலக்ஸ் பிக்கப் வண்டிக்கு 2 அங்குல லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் பாகங்கள்), 285/70 ஆர்17 டயர், புதிய ரிம் என எல்லாம் சேர்த்து 9,600 வெள்ளிக்கு (ரிங்கிட்) போட்டேன். பட்டறைக்காரர் என் மைத்துனரின் நண்பர். ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்துத் துறை) பிரச்சினை வரவே வராது என்றார். ஆசையாகப் படம் எடுத்துக் காப்புறுதி ஏஜெண்டு உட்பட எல்லாருக்கும் அனுப்பினேன். பிப்ரவரி 27-இல் காப்புறுதியைப் புதுப்பித்தேன். ஏப்ரல் 9 மாலை, மழையில், தோட்டத்துச் சாலையில் எதிரே வந்த மோட்டார் சைக்கிளுக்கு விலக ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தேன். முன் டயர் உள்ளே எதிலோ சிக்கியது. ஒரு கணம் ஸ்டியரிங் திரும்பவில்லை. 17 வயதுப் பையனுக்குக் கால் முறிந்துவிட்டது. அவனிடம் லைசென்ஸ் இல்லை. என் வண்டிக்கு 14,000 வெள்ளி சேதம். போலீஸ் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டுக் காப்புறுதி நிறுவனம் பணம் தர மறுக்கிறது. பையனின் கோரிக்கையிலும் தன் உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை என்று கடிதம் போட்டிருக்கிறது. மதிப்பீட்டாளர் அடுத்த வாரம் வண்டியைப் பார்க்க வருகிறார். அதற்குள் பழைய டயரை மாட்டிவிடு என்கிறார்கள் நண்பர்கள். பட்டறைக்காரர் 6,000 தருகிறேன், இத்தோடு முடித்துக்கொள் என்கிறார். கோயில் திருவிழாவில் எல்லார் முன்னாலும் என்னைக் கேவலமாகப் பேசினார். பையனின் குடும்பத்துக்கு 15,000 கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் தலைவர் முன்னிலையில் எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று பேச்சு நடக்கிறது. பட்டறைக்காரர்மீது மோசடி வழக்குப் போட முடியுமா?

பதில்: நான்கு பக்கக் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியை நான் மூன்று முறை படித்தேன். ஏஜெண்டுக்குப் படம் அனுப்பினேன் என்ற வரி. உங்கள் வழக்கு அதில்தான் நிற்கிறது.

திருவிழாவில் அவர் பேசிய பேச்சு, மைத்துனர் பாராமுகமாக இருப்பது, பையனுக்கு லைசென்ஸ் இல்லாதது ஆகியவற்றைத் தள்ளி வையுங்கள். லைசென்ஸ் இல்லாதவன் என்பதற்காக மட்டும் விபத்துப் பழி அவன்மேல் விழாது. "தோட்டத்துச் சாலைதானே" என்றும் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். பொதுமக்கள் போய்வர முடிந்த எந்த வழியும் 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் சாலைதான். உங்கள் தோட்டத்துச் சாலையில் பள்ளிப் பஸ்ஸே ஓடுகிறது. ஜே.பி.ஜே. பிரச்சினை வராது என்று பட்டறைக்காரர் சொன்ன உறுதிமொழியும் உங்களைக் காப்பாற்றாது. வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் ஜே.பி.ஜே. கேட்கும்.

முக்கியமான நாள் பிப்ரவரி 27. அன்று காப்புறுதியைப் புதுப்பித்தபோது, வண்டி உயர்த்தப்பட்டதும் டயர் மாறியதும் நிறுவனத்துக்குத் தெரியுமா? "அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை" என்பது சொந்த உபயோகத்துக்குக் கார் வைத்திருப்பவருக்கு ஓரளவு கைகொடுக்கும். 2013-ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டம், 9-ஆவது அட்டவணை, தனிநபர் பயனீட்டாளர், நிறுவனம் கேட்ட கேள்விக்குக் கவனமாக உண்மையைச் சொன்னால் போதும் என்கிறது. நீங்கள் உரம் ஏற்றிப் பிழைப்பவர். தொழிலுக்கான காப்புறுதி என்றால், கேட்காவிட்டாலும் முக்கியமானதைத் தாமாகவே சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு உண்டு. அதே சட்டத்தில், ஏஜெண்டுக்குத் தெரிந்தது நிறுவனத்துக்குத் தெரிந்ததாகவே கொள்ளப்படும் என்ற விதியும் உண்டு. படம் பிப்ரவரி 27-க்கு முன் போயிருந்தால், போனது அந்த நிறுவனத்தின் முறையான ஏஜெண்டுக்கு என்றால், உங்களுக்குக் காலூன்ற இடம் இருக்கிறது. நம் ஊர்களில் சாலை வரிக் கடைக்காரரே காப்புறுதியையும் எடுத்துக் கொடுப்பார். ஏஜெண்டு வேறொருவராக இருப்பார். பாலிசித் தாளில் அச்சாகியிருக்கும் பெயரும் நீங்கள் படம் அனுப்பிய எண்ணும் ஒரே ஆளுடையவையா என்று இன்றே பாருங்கள்.

வேறு ஆள் என்றால் நிலைமை மோசம். உங்கள் 14,000 போய்விடும். பையனின் காயத்துக்கான இழப்பீடு வேறு கணக்கு. வண்டியின் நிலையைக் காரணம் காட்டிப் பாதிக்கப்பட்டவருக்குப் பணம் மறுக்க, சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 95-ஆவது பிரிவு நிறுவனத்தை விடாது. ஆனால் அவனுக்குக் கொடுத்த தொகையை உங்களிடம் திரும்ப வசூலிக்க அதே பிரிவு அனுமதிக்கிறது. பாலிசியே செல்லாது என்று உயர் நீதிமன்றத்தில் அறிவிப்பு வாங்கும் வழியும் 96-ஆவது பிரிவில் இருக்கிறது. உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை என்று அவர்கள் எழுதியதன் பொருள் இதுதான். பலர் அந்தக் கடிதத்தை அலமாரியில் போட்டுவிட்டு, இரண்டு ஆண்டு கழித்து வசூல் நோட்டீஸ் வந்தபின் ஓடி வருகிறார்கள்.

டயரை மாற்றி மாட்டும் யோசனையை நண்பர்கள் வாயோடு நிறுத்திவிடுங்கள். போலீஸ் படத்தில் 285 என்ற எழுத்தே தெரிகிறது. மதிப்பீட்டாளர் பழைய 265/65 ஆர்17-ஐப் பார்த்தால், மறைக்க வேண்டியது இருந்ததால்தான் மாற்றினீர்கள் என்று நீதிமன்றம் அனுமானிக்கச் சாட்சியச் சட்டத்தின் 114-ஆவது பிரிவு இடம் தருகிறது. அதோடு காப்புறுதி விவகாரம் ஏமாற்றுக் குற்றமாக மாறி, தண்டனைச் சட்டத்தின் 420-க்கு வந்து நிற்கும். இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் புதிய சக்கரம்தான் பட்டறைக்காரருக்கு எதிரான உங்கள் சாட்சி.

கணக்கைப் பாருங்கள். பழைய டயரின் விட்டம் ஏறக்குறைய 776 மில்லிமீட்டர், புதியது 831. ஏழு விழுக்காடு பெரியது. மீட்டர் 100 காட்டும்போது வண்டி 107-இல் ஓடியது. அவர் போட்ட 9 அங்குல ரிம்மின் ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம், மில்லிமீட்டரில்) பூஜ்யம் என்று ரசீதில் இருக்கிறது. முன்பு இருந்தது 7.5 அங்குலம், ஆஃப்செட் 30. ஆக, ரிம்மின் வெளி விளிம்பு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வெளியே தள்ளி நிற்கிறது. மட்கார்டு மறைக்காத டயரோடு உங்களை இதுவரை சாலைத் தடுப்பில் நிறுத்தாதது அதிர்ஷ்டம். 2 அங்குலம் தூக்கினால் அந்த டயர் தாராளமாகக் கொள்ளும் என்று அவர் சொன்னது, சக்கரம் நேராக நிற்கும்வரை சரி. வெளியே தள்ளிய சக்கரம் ஒடிக்கும்போது அகலமான வட்டம் போடும். உள் பிளாஸ்டிக்கிலும் பம்பர் மூலையிலும் இடிக்கும். எத்தனை அங்குலம் உயர்த்துவது என்று கேட்கிறவர்கள் ஆஃப்செட் என்ன என்று கேட்பதே இல்லை. முழு ஒடிப்பில் இரு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் வண்டியை ஒப்படைத்த பட்டறை, நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ததாகச் சொல்ல முடியாது.

வண்டியின் அடியில் படுத்து, முன் சக்கரங்களுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். உள் பிளாஸ்டிக்கில் ரப்பர் தேய்த்த கரும்பட்டை இருக்கும். அதைப் பிடித்திருக்கும் இரும்பில் பெயிண்ட் போய் நாணயம்போல் மினுங்கும் இடம் இருக்கும். அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். அதன்பின் மதிப்பீட்டாளரும் ஒரு சுயேச்சைப் பொறியாளரும் பார்க்கும்வரை வண்டியைக் கழுவக்கூட வேண்டாம்.

இனி ஞாயிற்றுக்கிழமை விஷயம். வழக்கறிஞராக நான் பார்த்த கட்சிக்காரர்கள் அதிகம் விழுந்த குழி இதுதான்.

நல்ல மனத்தோடுதான் போகிறார்கள். வேறொரு தோட்டத்து லாரிக் குத்தகையாளர் ஒருவர், முத்திரை ஒட்டிய ஒரு தாளை என் மேசைமேல் விரித்தார். நீல மையில் மூன்று சாட்சிக் கையெழுத்து, ஓரத்தில் விபூதிக் கறை. முதல் வரி, "என் கவனக்குறைவால் நேர்ந்த விபத்துக்காக." அந்தத் தாளைக் கொடுத்துப் பணத்தையும் கொடுத்தவர், 11 மாதம் கழித்துச் செஷன்ஸ் நீதிமன்றத்தில் அதே தாளை எதிர்த்தரப்பின் ஆவணமாகப் பார்த்தார். அனுமதியின்றிப் பொறுப்பை ஒப்புக்கொண்டதற்காகக் காப்புறுதி நிறுவனமும் அவரிடம் வசூலுக்கு வந்தது. ஏறக்குறைய எல்லா மோட்டார் பாலிசியிலும் அந்த நிபந்தனை இருக்கிறது. அவரை அன்று காப்பாற்ற என்னிடம் வழி இருக்கவில்லை. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

உங்கள் விஷயத்தில் அதைவிடப் பெரிய ஓட்டை இருக்கிறது. பையனுக்கு 17 வயது. நம் நாட்டில் 18-இல்தான் ஒருவர் உரிய வயதை அடைகிறார். அப்பா போடும் கையெழுத்து மகனின் வழக்குரிமையை முடித்துவிடாது. வயதுக்கு வராதவருக்கான வழக்கைச் சமரசமாக முடிக்க நீதிமன்ற ஒப்புதல் வேண்டும். அவனுக்குக் கால வரம்பு 18 முடிந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். அதிலிருந்து ஆறு ஆண்டு. கோயில் தலைவர் எவ்வளவு மரியாதைக்குரியவராக இருந்தாலும், 15,000 கொடுத்து நீங்கள் வாங்கப்போவது உங்களைக் காக்காத ஒரு தாள்.

பையனின் வீட்டுக்குப் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. போங்கள். மருத்துவமனைக்குப் போய்வரும் செலவைக் கொடுங்கள். ஆனால் காப்புறுதி நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவியுங்கள், காகிதம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். காயத்துக்கான கோரிக்கையை அவர்கள் தங்கள் வழக்கறிஞர் மூலம் நிறுவனத்துக்கு அனுப்பட்டும். அதுதான் அந்தப் பையனுக்கும் நல்லது. 15,000-க்கு மேல் அவனுக்கு உரியது இருக்கலாம்.

பட்டறைக்காரரிடம் சமரசம் செய்துகொள்ளுங்கள். மோசடி வழக்கு வேண்டாம். பொய் சொல்லி ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருந்ததை உங்களால் நிரூபிக்க முடியாது, கவனக்குறைவை முடியும். பயனீட்டாளர் நடுவர் மன்றம் 50,000 வெள்ளிவரையிலான கோரிக்கையை விசாரிக்கும், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் தொழிலுக்கு ஓடும் வண்டிக்கு நீங்கள் பயனீட்டாளரா என்ற கேள்வியில் மாதங்கள் போகும். 9,600 கேளுங்கள், 8,000-க்கு வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ரிம்களைச் சான்றாக நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் நீட்டும் தாளில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடாதீர்கள். "இத்தோடு எல்லாக் கோரிக்கையும் முடிந்தது" என்று எழுதியிருந்தால், நாளை பையனின் இழப்பீடு உங்கள் தலையில் விழும்போது, 1956-ஆம் ஆண்டின் சிவில் சட்டம் 10-ஆவது பிரிவில் அவரிடம் பங்கு கேட்கும் உரிமையை நீங்களே 6,000-க்கு விற்றதாக வாதாடுவார்கள். இந்த வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: "இந்த உடன்பாடு டயர், ரிம், பொருத்திய கூலி, வண்டிச் சேதம் ஆகியவற்றுக்கு மட்டுமே, ஏப்ரல் 9 விபத்தில் மூன்றாம் தரப்பினருக்குச் செலுத்த நேரும் எந்தத் தொகையிலும் பங்கு கோரும் உரிமையை இது பாதிக்காது." ஒப்பவில்லை என்றால் அவர் தரும் பணத்தை வாங்காதீர்கள்.

தலைவருக்கு இன்றே போன் செய்து ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு ஜனவரிப் படம் போன அந்த வாட்ஸ்அப் உரையாடலை, ஏஜெண்டின் எண்ணும் தேதியும் தெரியும்படி அச்செடுங்கள். போனை மாற்றவோ உரையாடலை அழிக்கவோ வேண்டாம். பாலிசித் தாள், ரசீது, போலீஸ் புகாரின் நகலோடு போனையும் கையோடு உங்கள் வழக்கறிஞரிடம் கொண்டுபோங்கள்.