கணினி கேள்வி-பதில்: சொந்த சர்வரில் நிர்வாக மென்பொருள்

கேள்வி: கொள்முதல், விற்பனை, கையிருப்பு, கணக்கு ஆகிய நான்கையும் ஒரே மென்பொருளில் கொண்டுவர எங்கள் நிறுவனத்தில் முடிவு செய்திருக்கிறோம். மாதச் சந்தா கட்டி கிளவுடில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் ஒரு பங்குதாரர். சொந்த சர்வரில்தான் நிறுவ வேண்டும் என்கிறார் மற்றொருவர். யார் சொல்வது சரி?

பதில்: செலவுக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதற்கு முன்பு, இரவில் சர்வர் நின்றுபோனால் அதைப் பார்க்கப் போகிறவர் யார் என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். அவருடைய பெயரையும், அவர் விடுப்பில் இருக்கும் நாளில் அந்தப் பொறுப்பை ஏற்கப் போகிறவரின் பெயரையும் தயங்காமல் சொல்ல முடிந்தால் சொந்த சர்வர் உங்களுக்குப் பொருந்தும். சொல்ல முடியாவிட்டால் சந்தாவே நல்லது. சந்தாத் தொகையில் பெரும்பகுதி அந்தப் பொறுப்புக்காகத்தான் தரப்படுகிறது.

சொந்த சர்வரின் பலன்கள் உண்மையானவை. தரவு எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். இணைய இணைப்பு அறுந்தாலும் அலுவலகத்துக்குள் பில் போடும் வேலை தடைபடாது. நிறுவனத்துக்கென்று எழுதிய மாட்யூல்களையும், அதாவது கூடுதல் வசதிக்கான நிரல் பகுதிகளையும், சேர்த்துக்கொள்ளலாம்; இத்தகைய நிர்வாக மென்பொருளைத் தரும் ஓடூ (Odoo) நிறுவனத்தின் கிளவுட் சேவையான ஓடூ ஆன்லைனில் நீங்களே எழுதிய பைத்தான் மாட்யூல்களை ஏற்ற முடியாது. ஓடூவின் கம்யூனிட்டி பதிப்பு எல்ஜிபிஎல் 3 என்ற திறந்த மூல உரிமத்திலும், அதே வகை மென்பொருளான ஈஆர்பிநெக்ஸ்ட் (ERPNext) ஜிபிஎல் 3 என்ற திறந்த மூல உரிமத்திலும் கிடைக்கின்றன. இரண்டுக்கும் உரிமக் கட்டணம் கிடையாது. ஆனால் ஓடூவின் என்டர்பிரைஸ் பதிப்பை உங்கள் சர்வரிலேயே நிறுவினாலும் பயனர் எண்ணிக்கைக்கு ஏற்பச் சந்தா கட்டியாக வேண்டும் என்பதைப் பங்குதாரர்கள் இருவருமே கவனிக்க வேண்டும். தரவு மையத்தில் வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வரும், நிர்வாகம் உங்கள் கையில் இருக்கும் வரை, சொந்த சர்வர் வகையில்தான் சேரும்; மின்சாரம், குளிரூட்டல், வன்பொருள் பழுது ஆகிய கவலைகள் மட்டும் அதில் குறையும். முதன்முறையாக இறங்குகிறவர்களுக்கு நான் இந்த நடுவழியையே பரிந்துரைப்பேன். அலுவலகத்துக்குள் வேலை தொடர்வதற்கு இணைய இணைப்பு கட்டாயமாகிவிடும் என்பதே அதற்குத் தர வேண்டிய விலை.

கேள்வி: ஒரே நேரத்தில் ஏறத்தாழ 25 பேர் ஓடூவைப் பயன்படுத்துவார்கள். எவ்வளவு பெரிய சர்வர் வேண்டும்?

பதில்: விற்பனையாளர்கள் காட்டும் அளவுக்குப் பெரியது தேவைப்படாது. ஒர்க்கர் என்பது பயனர்களின் கோரிக்கைகளை நிறைவேற்ற ஓடூ தனியே இயக்கும் ஒரு செயல்முறை; ஒரு ஒர்க்கர் ஏறத்தாழ 6 பேரின் வேலையைத் தாங்கும் என்பது ஓடூவின் ஆவணங்களில் உள்ள தோராயக் கணக்கு. செயலி எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வருவது ஒர்க்கர்களுக்கான மேல்வரம்பு. உங்களுக்கு 5 ஒர்க்கர்களும், திட்டமிட்ட பணிகளுக்காக இன்னொன்றும் போதும். சாதாரண ஒர்க்கர் 150 எம்பி, கனமான அறிக்கை தயாரிக்கும் ஒர்க்கர் 1 ஜிபி, ஐந்தில் ஒரு பங்கு வேலை கனமானது என்று அதே ஆவணங்கள் கொள்ளும் அளவுகளை வைத்துப் பார்த்தால், ஓடூவுக்கு மட்டும் ஏறக்குறைய 2 ஜிபி நினைவகம் ஆகும். போஸ்ட்கிரஸ் தரவுத்தளமும் இயங்குதளமும் அதே இயந்திரத்தில் இருக்கும் என்பதால், 4 செயலிகளும் 16 ஜிபி நினைவகமும் கொண்ட சர்வர் நெருக்கடி இல்லாமல் ஓடும். மிச்சமாகும் பணத்தை ஒன்றையொன்று பிரதிபலிக்கும் இரண்டு எஸ்எஸ்டிகளுக்கும் நல்ல யுபிஎஸ்ஸுக்கும் செலவிடுங்கள்.

ஒர்க்கர் முறை லினக்ஸ் போன்ற யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் மட்டுமே இயங்கும்; விண்டோஸில் இயங்காது. அமைப்புக் கோப்பில் ஒர்க்கர் எண்ணிக்கையைக் குறிப்பிடாமல் விட்டால் அது பூஜ்யமாகவே இருக்கும்; எல்லா வேலையும் ஒரே செயல்முறையில் நடக்கும். பல செயலிகள் இருந்தும் மென்பொருள் மெதுவாக ஓடுகிறது என்ற புகார் வரும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது அந்த வரியைத்தான்.

கேள்வி: தினமும் இரவு ஓடூவின் தரவுத்தளத்தை டம்ப் (ஒரே கோப்பாக முழு நகல்) எடுத்துத் தனி இயந்திரத்தில் வைத்துவந்தோம். அண்மையில் வட்டு பழுதடைந்ததால் அந்த டம்பிலிருந்து மீட்டோம். பில்கள், பேரேடுகள் எல்லாம் வந்துவிட்டன; ஆனால் பொருள்களின் படங்களும், கொள்முதல் பில்களோடு இணைத்திருந்த ஸ்கேன் பிரதிகளும் காணவில்லை. படம் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம்தான் தெரிகிறது. எங்கே போயின?

பதில்: அந்தக் கோப்புகள் உங்கள் டம்பில் ஒருபோதும் இருந்ததில்லை. ஓடூ தரவுகளை இரண்டு இடங்களில் வைக்கிறது. வரிசைகளும் நெடுவரிசைகளுமாக உள்ளவை போஸ்ட்கிரஸில் இருக்கும். இணைப்புகள் இயல்பாக ஃபைல்ஸ்டோர் என்ற கோப்புறையில் தனியே சேரும். அதைத் திறந்து பார்த்தால் இரண்டு எழுத்துகளைப் பெயராகக் கொண்ட உள் கோப்புறைகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றுக்குள்ளும் நாற்பது எழுத்து நீளப் பெயருடன் கோப்புகள் இருக்கும். அந்தப் பெயர் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படுவது. தரவுத்தளத்தில் பதிவாகியிருப்பது அந்தப் பெயர் மட்டுமே. நீங்கள் பெயர்களை மீட்டுவிட்டீர்கள். அவை சுட்டும் கோப்புகள் பழைய வட்டில்தான் இருக்கின்றன. ஆகவே அந்த வட்டை அழிக்கவோ தூக்கிப் போடவோ வேண்டாம். அதில் எழுதும் எந்த முயற்சியும் செய்யாமல் தரவு மீட்பில் பயிற்சி உள்ளவரிடம் கொடுங்கள். ஃபைல்ஸ்டோர் கோப்புறை பெயர் மாறாமல் கிடைத்தால், அதைப் புதிய சர்வரில் உரிய இடத்தில் வைத்து ஓடூவுக்குப் படிக்கும் உரிமையைக் கொடுத்தாலே படங்கள் திரும்பிவிடும்.

இனிமேல் இரவு வேலையில் முதலில் டம்ப்பையும், அது முடிந்ததும் ஃபைல்ஸ்டோரையும் எடுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். டம்ப் முடிந்த பிறகு யாராவது புதிய கோப்பை இணைத்தால் அது பிரதியில் கூடுதலாக ஒரு கோப்பாக இருக்கும், அவ்வளவுதான். தலைகீழாக எடுத்தால் தரவுத்தளம் சுட்டும் கோப்பு பிரதியில் இல்லாமல் போகலாம். அமைப்புக் கோப்பையும் நீங்கள் எழுதிச் சேர்த்த மாட்யூல்களையும் இவற்றோடு சேர்த்தே வையுங்கள். முக்கிய சர்வரிலிருந்து பேக்கப் இயந்திரத்துக்குத் தள்ளுவதைவிட, பேக்கப் இயந்திரமே வந்து எடுத்துச் செல்லும்படி அமைப்பது பாதுகாப்பானது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் முக்கிய சர்வரில் நுழைந்தாலும் அங்கிருந்து பழைய பிரதிகளைத் தொட வழி இருக்காது. ஒரு பிரதியாவது வேறு கட்டடத்தில் இருக்கட்டும்.

இரவு இரண்டு மணிக்கு டம்ப் எடுத்து, மாலை நான்கு மணிக்கு வட்டு போனால் அன்றைய பகல் முழுவதும் போய்விடும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். அந்த இழப்பைத் தாங்க முடியாத நிறுவனங்கள், தரவுத்தளத்தில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் போஸ்ட்கிரஸ் குறித்துவைக்கும் WAL பதிவுகளைத் தொடர்ந்து வெளியே சேமிக்கும் வசதியைப் பயன்படுத்த வேண்டும். தரவுத்தளக் கோப்புகளின் முழுப் பிரதி ஒன்றோடு அந்தப் பதிவுகளும் இருந்தால், குறிப்பிட்ட நிமிடம் வரைக்கும் தரவுத்தளத்தை மீட்க முடியும்.

மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்ற கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வேறொரு இயந்திரத்தில் முழுமையாக மீட்டு, ஒரு பில்லைத் திறந்து, அதன் இணைப்பைத் திறந்து, ஒரு பிடிஎஃப் அச்சிட்டுப் பாருங்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை: மீட்ட பிரதி விழித்தவுடன் தன்னையே உண்மையான சர்வராகக் கருதிக்கொண்டு, நிலுவை நினைவூட்டல்களை வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சலாக அனுப்பத் தொடங்கிவிடும். ஓடூ 16ஆம் பதிப்பிலிருந்து இதைத் தடுக்க நியூட்ரலைஸ் என்ற வசதி இருக்கிறது. மீட்கும்போதே அதைத் தேர்ந்தெடுங்கள். பழைய பதிப்பானால் சோதனை இயந்திரத்துக்கு வெளி இணைப்பே கொடுக்காதீர்கள்.

கேள்வி: விற்பனைப் பிரதிநிதிகள் வெளியூரிலிருந்து கைபேசியில் ஆர்டர் பதிவு செய்ய வேண்டும். ஓடூவின் 8069 போர்ட்டை (வலையமைப்பு வாயிலை) ரௌட்டரில் திறந்துவிட்டால் போதுமா?

பதில்: திறக்காதீர்கள். அந்தப் போர்ட் வழியாகக் கடவுச்சொற்கள் குறியாக்கம் இல்லாமலே பயணிக்கும். வயர்கார்ட் போன்ற விபிஎன் (குறியாக்கம் செய்த தனி இணைப்பு) வழியாக மட்டும் அவர்களை உள்ளே விடுவது முதல் தேர்வு. அது நடைமுறைக்கு ஒத்துவராவிட்டால் ஓடூவுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் (nginx) என்ற இடைநிலை வெப் சர்வரை வைத்து, குறியாக்கம் உள்ள எச்டிடிபிஎஸ் வழியை மட்டும் வெளியே காட்டி, ஓடூவின் அமைப்புக் கோப்பில் ப்ராக்ஸி மோடை இயக்குங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் இலவசச் சான்றிதழைப் பயன்படுத்தலாம். அதன் ஆயுள் 90 நாள்களுக்கு மேல் இருக்காது என்பதால் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு அவசியம். தரவுத்தளங்களின் பட்டியலைக் காட்டும் பக்கத்தை மூடிவிடுங்கள். தரவுத்தளத்தை நகலெடுக்கவும் அழிக்கவும் வழி அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது, அதைக் காக்கும் முதன்மைக் கடவுச்சொல் மாற்றப்படாமல் இருந்தால் அது வெறும் "அட்மின்" என்ற சொல்தான். போஸ்ட்கிரஸின் 5432 போர்ட்டை எந்தக் காரணத்துக்காகவும் வெளியே திறக்கக் கூடாது.

கேள்வி: மென்பொருள் நன்றாக ஓடுகிறது. ஆண்டுதோறும் வரும் புதிய பதிப்புக்கு மாறித்தான் ஆக வேண்டுமா?

பதில்: ஆண்டுதோறும் வேண்டாம், ஆனால் காலவரையின்றித் தள்ளிப்போடவும் முடியாது. ஓடூ தன் அண்மைய மூன்று பெரும் பதிப்புகளுக்கே ஆதரவு தருகிறது. போஸ்ட்கிரஸின் ஒவ்வொரு பெரும் பதிப்புக்கும் ஆதரவு 5 ஆண்டுகள். இரண்டு பதிப்புகளுக்கு ஒருமுறை மாறுவது பெரும்பாலான நிறுவனங்களுக்குத் தாங்கக்கூடிய வேகம். என்டர்பிரைஸ் சந்தாவில் தரவை மாற்றித் தரும் சேவையும் அடங்கும். கம்யூனிட்டி பதிப்பில், ஓடூவுக்கான திறந்த மூல மாட்யூல்களை உருவாக்கும் ஓசிஏ (OCA) சமூகத்தின் ஓப்பன்அப்கிரேட் திட்டத்தை நம்ப வேண்டியிருக்கும். நீங்கள் பயன்படுத்தும் மாட்யூல்கள் அனைத்தும் அதில் முடிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்காமல் தேதி குறிக்காதீர்கள். ஓடூவின் மூல நிரலிலேயே யாராவது கைவைத்து மாற்றங்கள் செய்திருந்தால், அவற்றை முதலில் தனி மாட்யூலாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். பிறகு சோதனை சர்வரில் பதிப்பை மாற்றி, கணக்குப் பிரிவினர் ஒரு மாதக் கணக்கை அதில் முழுமையாக முடித்து, பழையதன் இருப்புநிலைக் குறிப்போடு ஒவ்வொரு தொகையையும் ஒப்பிட்டு ஒப்புதல் தந்த பின்னரே உண்மையான சர்வரைத் தொடுங்கள்.