முதல் வரியைக் கடைசியில் எழுதுங்கள்

கேள்வி: பேச்சானாலும் கட்டுரையானாலும் முதல் வரியிலேயே ஒரு மணி நேரம் போய்விடுகிறது. அப்படியும் "தொடக்கம் சப்பென்று இருக்கிறது" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதல் வரியை முதலில் எழுதுவதுதான் சிக்கல். சொல்லப்போவது என்னவென்று உங்களுக்கே தெளிவாகாதபோது "இன்றைய நவீன உலகில்..." என்பதுதான் கைக்கு வரும். முதலில் பேச்சின் அல்லது கட்டுரையின் நடுப்பகுதியை எழுதி முடியுங்கள். பிறகு மூன்றாவது, நான்காவது பத்திகளைப் புரட்டுங்கள். நான் திருத்தும் கட்டுரைகள் பலவற்றில் உண்மையான தொடக்கம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

ஒரு மாணவி வாசிப்பைப் பற்றிய பேச்சைக் கொண்டுவந்தார். "வாசிப்பு மனிதனை முழுமையாக்கும் என்பதை நாம் அனைவரும் அறிவோம்" என்று தொடங்கியிருந்தார். அனைவரும் அறிந்ததைக் கேட்க யார் உட்காருவார்கள்? இரண்டாம் பக்கத்தில் இப்படி இரண்டு வரிகள்: "என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நான் பள்ளி விட்டு வரும்வரை செய்தித்தாளின் மடிப்பைக் கலைக்க யாரையும் விடமாட்டார்." அவற்றை அப்படியே மேலே ஏற்றினோம், வேறொன்றையும் தொடவில்லை. பாட்டி எதற்காகக் காத்திருந்தார் என்று அறிய இப்போது கேட்பவர்களும் காத்திருப்பார்கள். ஆனால் அதற்கான விடை பேச்சுக்குள் இருந்தாக வேண்டும். பேச்சோடு ஒட்டாத கதை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

மேடையில் ஒரு கூடுதல் கவனம் தேவை. கட்டுரை வாசகர் புரியாவிட்டால் திரும்பப் படிப்பார். கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. எனவே வாக்கியம் குறுகியதாக இருக்கட்டும். அவை அடங்கும்வரை இரண்டு நொடி பொறுத்துப் பேசுங்கள். பதவிகளை வரிசையாக அடுக்கும் விளிகளைச் சுருக்குங்கள். விளியும் உயிருள்ள தொடக்கமாகலாம்: 1893இல் சிகாகோவில் விவேகானந்தர் "அமெரிக்கச் சகோதரிகளே, சகோதரர்களே" என்றதும் அரங்கம் எழுந்து கைதட்டியது. அந்த விளியிலேயே அவர் சொல்லவந்த கருத்து முழுதும் இருந்தது. 1863இல் கெட்டிஸ்பர்க்கில் அமெரிக்க அதிபர் லிங்கனோ, 87 ஆண்டுகளுக்கு முன் தம் நாடு பிறந்ததைச் சொல்லி நேரே விஷயத்துக்குள் போனார். சில நிமிடங்களே நீண்ட அந்தப் பேச்சில் முன்னுரைக்கு இடமில்லை.

தொடக்கத்தில் தலைப்புச் சொல்லின் அகராதிப் பொருளும் "எனக்கு அதிகம் தெரியாது, பிழையிருந்தால் பொறுத்தருள்க" என்ற அவையடக்கமும் வேண்டாம். மேற்கோள் என்றால் பலமுறை கேட்டுப் புளித்ததைத் தவிருங்கள்.

மேடை ஏறும் முன் முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மற்றவற்றுக்குக் குறிப்புச் சீட்டு போதும்.