வாசகர் கேள்வி பதில்: டோக்கன், அட்வான்ஸ், பிடித்தம்

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் உள்ள வீட்டை முதன்முறையாக வாடகைக்கு விடுகிறேன். பார்க்க வந்தவர், வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று டோக்கன் தருகிறார். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ரசீதோடு. ஒரு வார வாடகைக்கு மேல் டோக்கன் தேவையில்லை. எந்தத் தேதி வரை வீட்டை நிறுத்தி வைப்பீர்கள், அவர் பின்வாங்கினால் எவ்வளவு பிடிப்பீர்கள், நீங்கள் பின்வாங்கினால் முழுத்தொகையும் திருப்பித் தருவீர்கள் என்பதையெல்லாம் ரசீதிலேயே எழுதிவிடுங்கள். மாத வாடகையை 30-ஆல் வகுத்து, வீடு காத்திருந்த நாட்களால் பெருக்கினால் வரும் தொகையைப் பிடிப்பது நியாயம். ஒப்பந்தம் போடும்போது டோக்கனை அட்வான்ஸில் வரவு வைத்து எழுதுங்கள். இந்த ஒரு வரியை விட்டுவிட்டு, காலி செய்யும் நாளில் மல்லுக்கட்டுபவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: அட்வான்ஸ் எவ்வளவு வாங்குவது? பெயிண்டுக்கு ஒரு மாத வாடகையைக் கழிக்கலாமா?

பதில்: பல இடங்களில் அட்வான்ஸுக்குச் சட்டப்படி உச்சவரம்பு உண்டு. உங்கள் பகுதிக்கு என்ன விதி என்று முதலில் பாருங்கள். வரம்புக்குள் கணக்குப் போட எளிய வழி: நோட்டீஸ் கால (காலி செய்வதை முன்கூட்டியே சொல்ல வேண்டிய கால) வாடகை, பாக்கி நிற்கக்கூடிய மின்சார, பராமரிப்புக் கட்டணங்கள், ஒரு நடுத்தரப் பழுதுச் செலவு, இவற்றைக் கூட்டுங்கள். திரும்பத் தராத கட்டணம் எதுவானாலும் அட்வான்ஸோடு கலக்காமல் தனி ரசீது கொடுங்கள்.

பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை என்று கண்ணை மூடிக்கொண்டு கழிப்பது சரியல்ல. சுவர் மங்குவதும், படம் மாட்டிய ஆணித்துளையும் வழக்கமான தேய்மானம். அதற்கு வாடகை வாங்கிவிட்டீர்கள். குழந்தை சுவர் முழுக்கக் கிறுக்கியிருந்தால் சேதம்தான். அதற்கும் முழுச்செலவைக் கேட்க முடியாது. பெயிண்டின் ஆயுள் 5 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். புதிதாக அடித்த வீட்டை 3 ஆண்டில் காலி செய்தால், மீதி 2 ஆண்டுக்கான செலவு, அதாவது ஐந்தில் இரண்டு பங்குதான் குடியிருந்தவர் தலையில். 5 ஆண்டு இருந்திருந்தால் ஒன்றுமில்லை. உடைந்த வாஷ்பேசின், தொலைந்த சாவி போன்றவற்றுக்கு பில் தொகையைக் காட்டிக் கழியுங்கள். பொருள் பழசு என்றால் அதிலும் தேய்மானம் போக.

எல்லாவற்றுக்கும் ஆதாரம் சாவி கொடுக்கும் நாளில் எடுக்கும் வீடியோதான். குழாயைத் திறந்து, ஃப்ளஷ் இழுத்து, ஒவ்வொரு ஃபேனையும் ஓடவிட்டு எடுங்கள். மீட்டர் ரீடிங்கையும் சாவிகளின் எண்ணிக்கையையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பலரும் மறப்பது சிங்க்குக்கு அடியில் உள்ள அலமாரி. அங்கே பலகை உப்பியிருந்தால், பழைய குழாய்க் கசிவா, கசிவைச் சொல்லாமல் விட்டதா என்பதுதான் கேள்வி. முன்னது உங்கள் செலவு. பின்னதை அவரிடம் கேட்கலாம், முதல் நாள் படத்தில் பலகை சரியாக இருந்தால்.

கேள்வி: கடைசி இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்கிறார் குடியிருப்பவர்.

பதில்: ஒப்புக்கொண்டால் சேதம் ஏதாவது இருக்கும்போது கையில் போதிய பணம் இருக்காது. அப்படிக் கழிக்க முடியாது என்று ஒப்பந்தத்திலேயே போட்டிருக்க வேண்டும். அவர் பயமும் புரிந்துகொள்ளக்கூடியதே: பணம் திரும்ப வராதோ என்றுதான் கேட்கிறார். காலி செய்வதற்கு இரண்டு வாரம் முன்பே வீட்டைச் சேர்ந்து பார்த்து, பிடித்தங்களை எழுதிக் கொடுங்கள். கடைசி மின்கட்டணம் மட்டும் வராமல் இருந்தால், முந்தைய பில்களின் சராசரியை நிறுத்திவைத்து, மீதியைச் சாவி வாங்கும்போதே கொடுத்துவிடலாம்.