பெண்டெரெட்ஸ்கி: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: சார், போலந்து இசையமைப்பாளர் கிரிஸ்டோஃப் பெண்டெரெட்ஸ்கியின் ‘ஹிரோஷிமா திரெனடி’ (திரெனடி என்றால் இரங்கல் பாடல்) கேட்டேன். வெறும் இரைச்சல். எழுதி வைத்தா வாசிக்கிறார்கள்?

அத்தனையும் எழுதியதுதான். 24 வயலின், 10 வயோலா, 10 செல்லோ, 8 டபுள் பாஸ், மொத்தம் 52 பேர். தாளக்கட்டு இல்லை, ஒவ்வொரு பகுதிக்கும் கீழே இத்தனை நொடி என்று போட்டிருக்கும். முதலில் வைத்த தலைப்பே ‘8 நிமிடம் 37 நொடி’தான், ஹிரோஷிமா பிறகு வந்தது. எனவே குண்டு எங்கே விழுகிறது என்று தேட வேண்டாம். ஸ்கோரையும் (இசை எழுதிய தாள்) ஸ்டாப்வாட்சையும் வைத்துக்கொண்டு கேளுங்கள். தொடக்கத்தில் வரும் கறுப்பு முக்கோணம், அந்த வாத்தியத்தில் எட்டக்கூடிய உச்ச ஸ்வரம். கடைசியில் 52 பேரும் கால் ஸ்வர இடைவெளியில் ஆளுக்கொரு ஸ்வரம் பிடித்து, பலமாக ஆரம்பித்து 30 நொடியில் கரைந்து போவார்கள்.

கேள்வி: எங்கள் தந்திக் குழுவில் 20 பேர் இருக்கிறோம். முயலலாமா?

வேண்டாம். கடைசியில் வரும் அந்த ஒலிக்கொத்தில் இரண்டு பேர் ஒரே ஸ்வரத்தில் இல்லை. ஆள் குறைந்தால் நடுவில் ஓட்டை விழும், சாதாரண அபஸ்வரமாகக் கேட்கும். முழு எண்ணிக்கை இருந்தாலும் சொதப்பும் இடங்கள் உண்டு. முக்கோணத்துக்கு எல்லோரும் பேசி வைத்து ஒரே ஸ்வரத்தைப் பிடிப்பது முதல் தவறு. ஆளாளுக்கு வேறுபட்டால்தான் அந்தக் கீறல் ஒலி வரும். இசைக்குழு நடத்துநர் தாளம் போட்டால் வாசிப்பவர்கள் எண்ணத் தொடங்கிவிடுவார்கள், நொடிக் கணக்கு குலையும். நுழைவுகளை மட்டும் காட்ட வேண்டும். வில்லின் மரப்பகுதியால் தந்தியை அடிக்கும் இடங்களுக்கு விலை குறைந்த வில் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: இருபது சொச்சம் வயதிலேயே எப்படி இவ்வளவு பேர் எடுத்தார்?

1959-இல் போலந்தின் இளம் இசையமைப்பாளர் போட்டிக்கு மூன்று படைப்புகள் அனுப்பினார். பெயர் மறைத்த போட்டி. முக்கியப் பரிசுகள் மூன்றும் அவருக்கே. மறு ஆண்டு ஜெர்மனியின் டோனாவெஷிங்கென் விழாவில் ‘அனாக்ளாசிஸ்’ அரங்கேறியது. 1956-இல் தொடங்கிய வார்சா இலையுதிர்கால விழாவும் ஒரு காரணம். அங்கே மேற்கின் புது இசையை உள்ளூரிலேயே கேட்க முடிந்தது. சோவியத் அணியில் மற்ற நாட்டுக்காரர்களுக்கு அது எளிதில் கிடைக்காத வாய்ப்பு.

கேள்வி: அண்ணே, 70களில் பழைய பாணிக்குத் திரும்பியது சமரசம்தானே?

இந்தக் குற்றச்சாட்டு போலந்திலேயே பலமாக எழுந்தது. ஐசக் ஸ்டெர்னுக்காக எழுதிய முதல் வயலின் கான்செர்டோ (தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு, 1977) பலரைக் கோபப்படுத்தியது. என் கணிப்பில், அவர் திடீரென்று மாறவில்லை. 48 தந்தி வாத்தியங்கள் அலறும் ‘பாலிமார்ஃபியா’ (1961) சி மேஜரில், அதாவது மரபான, இனிமையான ஸ்வரக் கூட்டில், முடிகிறது. ‘ஸ்டாபாட் மாட்டெர்’ (1962) டி மேஜரில், ‘லூக்கா பாடுகள்’ (1966) ஈ மேஜரில். அதிரடிக் காலத்திலேயே முடிவுக்கு வரும்போது கை பழைய சுருதிக்குத்தான் போகிறது. 1980-இல் சாலிடாரிட்டி தொழிற்சங்கம் கேட்டு, கிடான்ஸ்க் கப்பல் கட்டும் தளத் தொழிலாளர் நினைவுச்சின்னத்துக்காக எழுதிய ‘லாக்ரிமோசா’வை இதற்குப் பிறகு கேளுங்கள். பிற்பாடு ‘போலிஷ் ரெக்வியம்’ (ரெக்வியம் என்றால் இறந்தோருக்கான வழிபாட்டு இசை) ஆக வளர்ந்த விதை அது.

கேள்வி: ‘எக்ஸார்சிஸ்ட்’ பேய்ப் படத்தின் இசை இவருடையதா?

அதற்கென்று எழுதியதல்ல. ‘பாலிமார்ஃபியா’ உட்படச் சில பழைய படைப்புகளை எடுத்துப் போட்டார்கள். ‘தி ஷைனிங்’கிலும் அப்படித்தான்.

கேள்வி: சிம்ஃபனிகளை எந்த வரிசையில் கேட்பது?

எட்டு உண்டு, எண் வரிசையை நம்பாதீர்கள். எட்டாவது 2005-இல் அரங்கேறிவிட்டது. ஆறாவது முடிந்தது 2017-இல், அவர் 2020-இல் இறப்பதற்குக் கொஞ்சம் முன்புதான். கிராவ்மையர் என்ற அமெரிக்க இசையமைப்புப் பரிசு வாங்கிய நாலாவதில் தொடங்குங்கள். பிறகு ஏழாவது, அதாவது ‘எருசலேமின் ஏழு வாயில்கள்’; அதற்கு நல்ல ஸ்பீக்கர் வேண்டும், போன் போதாது.