மாப்பிள்ளை கொண்டுவரும் தோட்டா இயந்திரம்

கேள்வி: புஞ்சைப் புளியம்பட்டிக்கு வடக்கே எங்கள் தோட்டம். அப்பா காலமான பிறகு அவருடைய 12 போர் என்னும் குழல் அளவுள்ள இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு முறைப்படி விண்ணப்பித்து என் பெயரில் உரிமம் வாங்கியிருக்கிறேன். தோட்டா விலை ஏறிவிட்டது. கோவைக்குப் போனால் பாதி நாள் இருப்பு இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். டெக்சாஸில் இருக்கும் எங்கள் மாப்பிள்ளை, சுட்ட தோட்டாக் கூட்டிலேயே மறுபடி மருந்தும் குண்டும் அடைத்துக்கொள்கிறார். பொங்கலுக்கு வரும்போது அந்தச் சின்ன இயந்திரத்தைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவதாகச் சொல்கிறார். எங்கள் அப்பாரு (தாத்தா) காலத்தில் பித்தளைத் தோட்டாவில் வீட்டிலேயே மருந்து அடைப்பார்கள். நான் சிறுவனாகக் கூட உட்கார்ந்திருக்கிறேன். அவருடைய அளவுக் கரண்டி, மரக்கட்டை, அடைத்த ஏழு தோட்டா, அரை டப்பா கருமருந்து எல்லாம் இன்னும் தோட்டத்துச் சாளை வீட்டு அட்டாலியில் (பரணில்) கிடக்கின்றன. நான் சுட்ட காலித் தோட்டாக்களும் ஒரு பை நிறைய உண்டு. விற்கப்போவதில்லை, சொந்த உபயோகத்துக்குத்தான். எப்படித் தொடங்குவது?

பதில்: தொடங்காதீர்கள். அதோடு, இந்தப் பதிலை முழுதாகப் படிப்பதற்கு முன்பே மாப்பிள்ளைக்கு ஒரு போன் போட்டு, அந்த இயந்திரத்தைப் பெட்டியில் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

மாப்பிள்ளை அங்கே செய்வதில் தவறில்லை. அமெரிக்காவில் தன் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா அடைத்துக்கொள்பவருக்கு மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. அடைத்து விற்பதற்குத்தான் தேவை. விஸ்கான்சின் மாநிலத்தில் மேவில் என்ற ஊரில் செய்யும் மெக் இயந்திரங்கள் அங்கே பல வீடுகளின் கார் கொட்டகையில் நிற்கின்றன. கைப்பிடியை இழுக்க இழுக்க, தோட்டாவின் அடியில் பொறி தட்டும் சின்ன மூடியான பிரைமர் சுட்டுப் போயிருக்க, அதைத் தட்டி வெளியே தள்ளி, விரிந்துபோன அடிப்பாகத்தை இறுக்கி, புது பிரைமரைப் பதித்து, மருந்தும், ‘வாட்’ எனும் அடைப்பானும், ஈயக்குண்டும் போட்டு, வாயை மடித்து மூடிவிடும். நம் ஊர் லேத் பட்டறைக்காரர் ஒருவர் பார்த்தால் ஒரே வாரத்தில் நகல் எடுத்துவிடுவார். அப்படி யாராவது ஆசை காட்டினாலும் கேட்காதீர்கள்.

காரணம், 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் தோட்டா என்பதற்குத் தரப்பட்டிருக்கும் பொருள். நாம் தோட்டா என்றால் துப்பாக்கியில் போட்டுச் சுடுவது என்று நினைக்கிறோம். சட்டத்தின் 2ஆம் பிரிவு அதோடு நிற்கவில்லை. துப்பாக்கிக்கான மருந்தும் அதன் துணைப்பொருள்களும் தோட்டா. தோட்டாவின் உதிரிப் பாகங்களும் தோட்டா. தோட்டா செய்யும் இயந்திரமும் தோட்டாவே. படிக்கிறபோது சிரிப்பு வரும். ஆனால் விமான நிலையச் சுங்க அதிகாரி சிரிக்க மாட்டார். மாப்பிள்ளையின் பெட்டியில் ஒரு துளி மருந்து இல்லாமல் வெறும் இரும்பு மட்டும் இருந்தாலும், உரிமம் இல்லாமல் தோட்டாவை நாட்டுக்குள் கொண்டுவந்தார் என்று 10ஆம் பிரிவைக் காட்டி நிறுத்த முடியும். பிரைமரையும் மருந்தையும் பற்றிப் பேசவே வேண்டாம். அவை பயணிகள் விமானத்தில் எந்தப் பெட்டியிலும் ஏறக் கூடாத சரக்கு. பொங்கலுக்கு வந்த மனிதர் பாஸ்போர்ட்டை நீதிமன்றத்தில் கொடுத்துவிட்டு மாசி பங்குனி வரை இங்கேயே சுற்றிக்கொண்டிருப்பதை உங்கள் மகள் விரும்ப மாட்டார்.

இயந்திரம் எப்படியோ வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடைக்கலாமா? தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும் என்கிறது 5ஆம் பிரிவு. நீங்கள் கேட்கும் "சொந்த உபயோகம்தானே" என்ற கேள்வியை நன்றாகப் படித்தவர்களும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், ஒரு வக்கீல் நண்பர் உட்பட. அந்தப் பிரிவின் முதல் பகுதி விற்பனையையும் தயாரிப்பையும் தனித்தனிச் சொற்களாக வைத்திருக்கிறது. விற்பதற்காகத் தயாரித்தால் மட்டும் என்று எங்கும் எழுதவில்லை. அதே பிரிவின் இரண்டாம் பகுதியைப் படித்தால் சந்தேகம் முற்றிலும் தீர்ந்துவிடும். சொந்த உபயோகத்துக்காகச் சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கியையோ தோட்டாவையோ, வைத்துக்கொள்ளத் தகுதியுள்ள இன்னொருவருக்கு, உரிய தகவல் கொடுத்துவிட்டு, விற்பனை உரிமம் இல்லாமலே விற்கலாம் அல்லது மாற்றித் தரலாம் என்று அது சலுகை தருகிறது. ஆக, சொந்த உபயோகம் என்ற சொல்லை நாடாளுமன்றம் மறந்துவிடவில்லை. விற்பனைக்கு அந்தச் சலுகையைத் தந்தது; தயாரிப்புக்குத் தரவில்லை. இதைத் தாண்டி வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை.

தண்டனையையும் தெரிந்துகொள்ளுங்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரித்தால் 25ஆம் பிரிவின்படி குறைந்தது 7 ஆண்டு; அதிகபட்சம் ஆயுள். உரிமத்தில் உள்ள ஒரு நிபந்தனையை மீறினால் ஆறு மாதம் அல்லது இரண்டாயிரம் ரூபாய் அபராதம் என்ற 30ஆம் பிரிவை மனதில் வைத்துக்கொண்டு, "என்ன, அபராதம் கட்டினால் போயிற்று" என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தப் பிரிவு இதற்கு உதவாது. நூறு தோட்டாவில் மிச்சப்படும் பணத்தை நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அட்டாலி. உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் கவலைப்பட வைத்தது இதுதான். இயந்திரம் இன்னும் வரவில்லை. டப்பா வீட்டிலேயே இருக்கிறது.

அந்தக் காலத்தில் மருந்து கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் வைத்திருந்தவர்களுக்கு மருந்தும் பொறி தட்டும் கேப்பும் உரிமத்திலேயே எழுதிக் கொடுக்கப்படும். அப்பாரு எந்தக் கணக்கில் வைத்திருந்தாரோ, அது அவரோடு போய்விட்டது. உங்கள் உரிமத்தில் எழுதியிருப்பது 12 போர் துப்பாக்கியும் இத்தனை தோட்டா என்ற எண்ணிக்கையும் மட்டுமே. அடைத்த ஏழு தோட்டா அந்த எண்ணிக்கைக்குள் அடங்கும் என்று நீங்கள் சொல்லலாம். எண்ணிக்கை சரியாக வரும், கணக்கு வராது. எந்தக் கடையில் எந்தத் தேதியில் வாங்கியது என்று உரிமப் புத்தகத்தில் பதிவு இருக்காது. கருமருந்துக்கு அந்தச் சமாதானம்கூட இல்லை. 1908ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின் 5ஆம் பிரிவு, சந்தேகத்துக்கிடமான சூழ்நிலையில் வெடிபொருள் வைத்திருப்பவருக்கு 10 ஆண்டு வரை தண்டனை தருகிறது. நியாயமான காரணத்துக்காக வைத்திருந்தேன் என்று காட்ட வேண்டிய பொறுப்பு வைத்திருந்தவருடையது.

உங்கள் பகுதியில் அந்தச் சந்தேகம் எவ்வளவு சுலபமாக எழும் என்று உங்களுக்கே தெரியும். காட்டுப்பன்றிக்குத் தீனிக்குள் மறைத்து வைக்கும் அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடியைக் கடித்து வாய் கிழிந்து, தின்ன முடியாமல் பட்டினி கிடந்து யானை சாகிற செய்தி மேட்டுப்பாளையம், சிறுமுகை பக்கமிருந்து வராத வருடம் அரிது. அப்படி ஒன்று நடந்த மறுநாள் வனத்துறையும் போலீசும் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் தேடுவார்கள். உங்கள் அட்டாலியில் கருமருந்து டப்பா கிடைத்தால், அது அப்பாருவின் நினைவுப் பொருள் என்று சொல்வதை அந்த நேரத்தில் யார் காது கொடுத்துக் கேட்பார்?

சட்டத்தைத் தள்ளிவைத்தாலும் அந்த டப்பா ஆபத்து. கருமருந்து பழையதாகிவிட்டது, வீரியம் போயிருக்கும் என்று நம்பாதீர்கள். காய்ந்திருந்தால் ஒரு பொறி போதும். துருப்பிடித்த மூடியை ஸ்குரூ டிரைவரால் நெம்பாதீர்கள். கிணற்று மேட்டில் கொட்டிக் கொளுத்திவிடலாம் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னால், அவர் விரல்களை முதலில் எண்ணிப் பாருங்கள். அந்த ஏழு தோட்டாவையும் சுட்டுத் தீர்த்துவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். அப்பாருவின் கரண்டி கருமருந்துக்கு அளவெடுத்தது. இன்றைய புகையில்லா மருந்து அதே அளவில் மிக அதிக வீரியம் கொண்டது. கரண்டி தெரியாமல் மாறினால் குழல் வெடிக்கும், குழலைப் பிடித்திருக்கும் இடது கை முதலில் போகும். அந்த ஏழில் எதில் எது இருக்கிறது என்று இப்போது சொல்ல யாரும் இல்லை. மருந்து என்று எடுத்துக்கொண்டால், நூறு வருடத்துக்கு மேலாக மருந்து செய்யும் அருவங்காடு தொழிற்சாலை உங்களுக்கு எதிரே தெரியும் அதே நீலகிரி மலைமேல்தான் இருக்கிறது. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ரயிலில் போனவர்கள் அருவங்காடு ஸ்டேஷனைப் பார்த்திருப்பார்கள். அத்தனை காவலும் ஒழுங்கும் வைத்துச் செய்கிற பொருளை அளவுக் கரண்டியால் அள்ளக் கூடாது.

ஆகவே அந்த டப்பா இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். அட்டாலிக்குக் கீழே அடுப்பு எரிந்தால், சமையலைச் சில நாள் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். உள்ளூர் வக்கீல் ஒருவர் மூலமாக மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு, அதன் நகல் உங்கள் காவல் நிலைய ஆய்வாளருக்கு. தாத்தா காலத்துப் பொருள் வீட்டை ஒதுக்கும்போது கண்ணில் பட்டது, சட்டப்படி ஒப்படைக்க விரும்புகிறேன், மருந்தை எடுத்துச் செல்லப் பயிற்சி பெற்ற ஆட்களை அனுப்புங்கள் என்று இரண்டு பத்தி போதும். வைத்திருப்பது சட்டத்துக்கு உட்படாமல் போய்விட்ட ஆயுதத்தையும் தோட்டாவையும் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்ற ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு உங்களுக்கு வழி விடுகிறது. இன்னொன்றும் உண்டு. உரிமமில்லாமல் வைத்திருந்தார் என்று 3ஆம் பிரிவின்படி வழக்குத் தொடர ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்கிறது 39ஆம் பிரிவு. தானாக முன்வந்து எழுதிக் கொடுத்தவர் மீது அந்த அனுமதியைக் கேட்டுப் போவது போலீசுக்கும் கூச்சமாக இருக்கும். டப்பாவை மொபெட்டில் வைத்து ஸ்டேஷனுக்கு எடுத்துப் போகிற வீரம் மட்டும் வேண்டாம்.

சிறுவனாக மருந்து அடைத்ததைப் பார்த்த கதையை எனக்கு எழுதிவிட்டீர்கள், சரி. மனுவில் எழுத வேண்டியதில்லை.

காலித் தோட்டாக்களுக்கு வருவோம். சட்டம் இதில் கொஞ்சம் தாராளமாகவே இருக்கிறது. மற்றப் பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இல்லாமல் வைத்திருக்கும் சிறு பாகங்களுக்குச் சட்டம் பொருந்தாது என்று 45ஆம் பிரிவு சொல்கிறது. பேரன் விளையாட நான்கு காலிக் கூடு இருந்தால் குற்றமில்லை. எண்ணம்தான் கணக்கு. ஒரு பை காலிக் கூடு, அட்டாலியில் கருமருந்து, பக்கத்தில் அடைக்கிற மரக்கட்டை, போனில் மாப்பிள்ளை அனுப்பிய செய்முறை வீடியோ என்று நான்கும் ஒரே வீட்டில் இருந்தால், உங்கள் எண்ணத்தை அரசு வக்கீல் தனியாக நிரூபிக்க வேண்டியதே இல்லை. கடையில் புதுத் தோட்டா வாங்கும்போது காலிகளைக் கொடுத்து ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர் மறுத்தால் அதே மனுவில் அதையும் சேர்த்துவிடுங்கள். வீடியோக்களை என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

தோட்டாத் தட்டுப்பாடு உண்மையான குறைதான். புனே பக்கத்துக் கட்கியில் செய்யும் சக்திமான் தோட்டாவை நம்பித்தான் நம் ஊர் 12 போர்க்காரர்களில் பெரும்பாலோர் இருக்கிறார்கள். லாரி வராவிட்டால் கடை காலி. வேறு மாவட்டத்துக் கடையிலும் உங்கள் உரிமத்தைக் காட்டி வாங்கலாம். ஆனால் உரிமம் எந்தப் பரப்புக்குச் செல்லும் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை போதவில்லை என்றால், அதைக் கூட்டித் தரும்படி காரணம் எழுதி ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்துக்குப் பதில் வர மாதங்கள் ஆகும். அலைச்சல் பிடிக்கவில்லை என்று நீங்கள் சொன்னால் நானும் ஒத்துக்கொள்வேன்.

ஆனால் கேட்கிறேன், அத்தனை தோட்டா எதற்கு? பன்றிக்கு என்றால், அதைச் சுட உங்கள் உரிமத்தில் அனுமதி இல்லை. பயிர்ப் பாதுகாப்பு என்று உரிமத்தில் எழுதியிருப்பது துப்பாக்கி வைத்திருப்பதற்கான காரணம். வேட்டைக்கான அனுமதி இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு எடுத்த முடிவுப்படி, காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதைத் தாண்டினால் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறை ஆட்கள். நீங்கள் வானத்தை நோக்கி ஒரு வெடி விட்டு விரட்டுவதற்கு மாதம் எத்தனை தோட்டா போதும் என்று உங்களுக்கே தெரியும். அழிந்த சோளத்துக்கும் வாழைக்கும் நிவாரணம் கேட்டு வனச்சரகர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். கிராம நிர்வாக அலுவலர் பார்த்து எழுதிய சேத விவரமும், தேதி தெரிகிற போட்டோவும் கூட இருக்கட்டும்.

இரண்டு மனுவுக்கும் நகல் எடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்கி உரிமப் புத்தகத்தோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். அடுத்த தேர்தலுக்குத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கப் போகும்போது, அந்த ஏழு தோட்டாவைப் பற்றி யாராவது புது ஆய்வாளர் கேட்டால், காட்ட ஒரு காகிதம் இருக்கும்.