கருப்பைவாய்ப் பரிசோதனை: எதைச் செய்துகொள்வது, எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை?

கேள்வி: எனக்கு 44 வயது. உடலில் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார். தனியார் மருத்துவமனையில் எச்.பி.வி. பரிசோதனைதான் சிறந்தது என்கிறார்கள். எதைச் செய்துகொள்ளட்டும்?

பதில்: தொந்தரவு இல்லாத இப்போதுதான் அதற்கான நேரம். எச்.பி.வி. என்னும் வைரஸின் தொற்று நீங்காமல் தங்கிவிட்டால், அது புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன; அதற்குள் மாறத் தொடங்கிய செல்களைக் கண்டுபிடித்து அகற்றிவிட்டால், நோய் வராமலே தடுத்துவிடலாம்.

செவிலியர் சொல்வது பெரும்பாலும் வி.ஐ.ஏ. பரிசோதனையாக இருக்கும். கருப்பைவாயில் 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சால் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தோன்றுகிறதா என்று கண்ணால் பார்ப்பார்கள். முடிவு அங்கேயே தெரிந்துவிடும். எளிய முறைதானே என்று இதைக் குறைத்து எண்ண வேண்டாம். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடையே நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வில், ஒரே ஒரு முறை இப்படிப் பரிசோதித்துத் தேவைப்பட்டோருக்குச் சிகிச்சை அளித்ததாலேயே இந்நோயால் ஏற்படும் இறப்புகள் 35 சதவீதம் குறைந்தன. எனினும், இது பார்ப்பவரின் பயிற்சியைப் பொறுத்தது. மாதவிடாய் நின்ற பிறகு, பார்க்க வேண்டிய பகுதி உள்ளே நகர்ந்துவிடுவதால் அவ்வளவாகப் பயன்படாது.

கருப்பைவாயிலிருந்து எடுத்த மாதிரியில் அந்த வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் எச்.பி.வி. பரிசோதனை இதைவிட நுட்பமானது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அதையே முதன்மையாகப் பரிந்துரைத்தது. தொற்று இல்லையென்றால், 5 முதல் 10 ஆண்டுகள் கழித்து மறுபடி செய்தால் போதும். செலவு கட்டுப்படியானால் அதையே செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால், அதற்காகக் காத்திராமல் வி.ஐ.ஏ.வை இந்த மாதமே முடித்துக்கொண்டு, 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை தொடருங்கள்.

எதைச் செய்தாலும், 'பாசிட்டிவ்' என்று வந்தால் அது புற்றுநோய் என்று பொருளல்ல. கால்போஸ்கோப்பி (கருப்பைவாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது) போன்ற அடுத்த கட்டத்துக்குச் செல்ல வேண்டும் என்றே பொருள். முடிவுத் தாளைப் பீரோவில் வைத்துவிட்டு, பயத்தாலும் கூச்சத்தாலும் திரும்பி வராமலே இருந்துவிடும் பெண்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

கூச்சத்துக்கு ஒரு வழி பிறந்திருக்கிறது: எச்.பி.வி. பரிசோதனைக்கான மாதிரியைப் பெண்ணே தனியாக எடுத்துத் தரும் முறை பல நாடுகளில் வழக்கத்துக்கு வந்துவிட்டது. இங்கும் பரவலாக வர வேண்டும். ஒரே ரத்தப் பரிசோதனையில் எல்லாப் புற்றுநோயையும் கண்டுபிடிக்கலாம் என்னும் விளம்பரங்களை நம்பி இதைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த ரத்தப் பரிசோதனைகள் இறப்பைக் குறைக்கின்றன என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

மாதவிடாய் முடிந்த பின் ஒரு நாளில் செல்லுங்கள். இடையில் உதிரப்போக்கோ, உறவுக்குப் பின் ரத்தக்கசிவோ தென்பட்டால், முந்தைய முடிவு எதுவாக இருந்தாலும் உடனே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.