அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரான லத்தீனோக்களின் அமைப்புகள் இணையச் சுதந்திரமும் கேட்கின்றன, வெறுப்புப் பேச்சை நீக்கவும் சொல்கின்றன. இது முரண் இல்லையா?

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் இரண்டு கோரிக்கைகளும் வெவ்வேறு ஆட்களிடம் வைக்கப்படுபவை.

முதலாவது நெட் நியூட்ராலிட்டி. இணைய இணைப்பு தரும் நிறுவனம் எந்தத் தளத்தையும் தடுக்கவோ வேகத்தைக் குறைக்கவோ கூடாது என்பது இதன் சாரம். பெரிய தொலைக்காட்சிகளில் இடம் கிடைக்காத சமூகத்துக்கு இணையம்தான் மேடை. அதனால் தேசிய ஹிஸ்பானிக் ஊடகக் கூட்டமைப்பு என்ற லத்தீனோ அமைப்பு, 2015-ல் இதற்காக வந்த விதிகளை ஆதரித்தது. 2017-ல் அவற்றை நீக்க அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. முனைந்தபோது, அந்த ஆணையத்துக்கு நுகர்வோர் அனுப்பிய புகார்களை வெளியிடச் சொல்லித் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டது. நல்ல உத்தி அது.

இரண்டாவது, ஃபேஸ்புக் போன்ற தளங்களிடம் வைக்கும் கோரிக்கை. பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் அரசின் கையைத்தான் கட்டுகிறது. தனியார் நிறுவனம் தன் தளத்துக்கு விதி போடலாம். அந்த விதிகளை ஆங்கிலத்தில் கறாராகவும் ஸ்பானிஷில் ஏனோதானோ என்றும் அமல்படுத்துகிறார்கள் என்பதுதான் புகார். 2021-ல் தொடங்கிய 'யா பாஸ்தா ஃபேஸ்புக்' இயக்கம் இதற்காகத்தான். 'போதும் நிறுத்து' என்று பொருள்.

சரி, லத்தீனோக்கள் எல்லாரும் ஒரே அணியா? இல்லை. சில அமைப்புகள் நெட் நியூட்ராலிட்டிக்கான கடுமையான விதிகளை எதிர்த்தன. தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் நிதி வாங்கியதால்தான் என்ற விமர்சனமும் எழுந்தது. முதலீடு குறைந்தால் ஏழைப் பகுதிகளுக்கு இணைப்பு வராது என்பது அவர்கள் வாதம். அதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. 2017-ல் நீக்கப்பட்டு, 2024-ல் எஃப்.சி.சி. மீண்டும் கொண்டுவந்த நெட் நியூட்ராலிட்டி விதிகளை ஜனவரி 2025-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.